ஊடு என்று வாசித்த வகுப்பு

சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைக் காட்டிலும் பெரிய பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது கடினமான பிழைப்பு. சின்னதுகளுக்குத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். நாலாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. என்னைப்போல் இந்த வேலையில் மாட்டிக்கொண்டு, மத்தியானச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் சகோதரிகள் எங்கெல்லாமோ இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால்தான் இதெல்லாம் புரியும்.

கெடுப்பதற்கு ஒன்றுமில்லை

மலையாளச் சீமையின் எல்லையோரம் எருத்தேன்பதிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தையல் டீச்சர். தையல் சொல்லிக்கொடுத்தால் பெண்பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று ஏற்படுத்திய வேலை அது. நான் படித்தது அஞ்சாவது வரை. அதுவும் அம்மாவுக்குச் சீக்கு வந்து பாதியில் நின்றது. ஆகவே ஊசியும் நூலுமாக ஒரு மூலையில் உட்கார்ந்து, யாரும் என்னைக் கேள்வி கேட்காதவரை நல்லது என்று இருந்தேன். அந்த வருஷம் நாலாம் வகுப்பு வாத்தியார் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு யாரும் வரவில்லை. ஹெட்மாஸ்டர் மற்ற மூன்று வகுப்புகளையும் ஒரே கூடத்தில் வைத்து மேய்த்துக்கொண்டிருந்தார். நாலாவதின் வாசிப்பை மட்டுமாவது நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அந்த வருஷம் பார்த்தா இது வரவேண்டும்! எங்கள் பள்ளிக்கூடம் நாலாவதோடு சரி. அதற்கு மேல் படிக்க ஆற்றைத் தாண்டி மலையாளப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும். ஆண்பிள்ளைகளில் இரண்டொருவர் போவார்கள். பெண்பிள்ளைகளை ஒருவரும் அனுப்பமாட்டார்கள். அதனால் அஞ்சாவது திறக்க அனுமதி கேட்டு எழுதியிருந்தோம். இன்ஸ்பெக்டர் நேரில் வருவார், நாலாம் வகுப்பை முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பார், திருப்தியானால் அனுமதி என்று பதில் வந்திருந்தது. வகுப்பில் பதினொரு பேர், அதில் நாலு பெண்கள். என்னால் இவர்கள் படிப்பு நின்றுபோனால் அந்தப் பாவம் யாருக்கு என்று ஹெட்மாஸ்டரிடம் அழாத குறையாகக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. நீங்க கெடுக்கறதுக்கு அங்க புதுசா ஒண்ணுமில்லீங்க."

காற்று புரட்டிய பக்கம்

முதல் வாரம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தகத்தைத் திறந்ததும் பிள்ளைகள் ராகம் போட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கணீரென்று வாசித்தார்கள். அதிலும் குப்புசாமி என்ற பையன் வாசித்தால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். இத்தனை நன்றாக வாசிக்கிற பிள்ளைகளை என்னிடம் கொடுத்தார்களே என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவசரப்பட்டுச் சொன்ன நன்றி.

ஆனி மாசத்தில் எங்கள் பக்கம் கணவாய்க் காற்று வீசும்போது பனைமரமே பேய் பிடித்த மாதிரி ஆடும். புத்தகம் எந்த மூலைக்கு? குப்புசாமி யானைப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தான். காற்று நாலைந்து பக்கங்களைப் புரட்டி, உப்பளத்துப் பாடத்தில் கொண்டுபோய் வைத்தது. அவன் நிறுத்தவில்லை. உப்பளத்து வரிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே யானையைக் காட்டிலிருந்து பிடித்து, குழியிலிருந்து ஏற்றி, கோயில் வாசல்வரை கொண்டுவந்து கட்டிவிட்டான். அன்றைக்கே மற்றவர்களையும் ஒவ்வொருவராகச் சோதித்தேன். பதினொரு பேரில் ஒன்பது பேர் அப்படித்தான். "ஏன் சாமி, பக்கம் மாறிப்போச்சே, உனக்குத் தெரியலையா?" என்று குப்புசாமியைக் கேட்டேன். அவன் எனக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரி சொன்னான்: "பக்கம் போனாப் போகுதுங்க டீச்சர், பாடம் என்றகிட்டத்தானுங்க இருக்குது."

அம்மை குத்துகிறவர்

பாடப் புத்தகங்களை எல்லாம் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அச்சடித்த காகிதம் எது கிடைத்தாலும் கொண்டுவாருங்கள் என்றேன். கடலை மடித்த காகிதம், சோப்புக் காகிதம், நாடக நோட்டீஸ், எண்ணெய்க் கறை பிடித்த பஞ்சாங்கத் தாள் என்று வந்து குவிந்தது. மனப்பாடம் செய்ய அதில் ஒன்றுமில்லை. பிள்ளைகள் திணறினார்கள். ஒரு சோப்பைப் பற்றி வாசிப்பதற்குள் குளித்து முடித்துவிடலாம். இரண்டு மாசம் போனபின்பும் இவர்களுக்கு ஏதாவது வருகிறதா என்று எனக்கு நிச்சயமில்லை. கேட்டால் தலையை ஆட்டுவார்கள். ஆட்டுகிற தலையை எவ்வளவு நம்புவது?

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒருவருமில்லை. நாலாவது மட்டுமில்லை, பள்ளிக்கூடமே காலி. எழுத்து எழுதுகிற வகுப்பில் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு குழந்தை மட்டும் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தது. ஏதோ கொள்ளைநோய்தான் வந்துவிட்டது என்று நான் வாசலில் போய் எட்டிப் பார்த்தபோது, அம்மை குத்துகிறவர் பெட்டியும் கையுமாக சித்தூரிலிருந்து வெயிலில் வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை அம்மை குத்த வருவதாகச் சாவடிச் சுவரில் மூன்று நாள் முன்னே நோட்டீஸ் ஒட்டியிருந்தாராம். ஊரில் பெரியவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பதினொரு பேரும் பார்த்திருக்கிறார்கள், எழுத்துக் கூட்டியிருக்கிறார்கள், தம்பி தங்கைகளுக்கும் சொல்லிவிட்டு ஆளுக்கொரு கடலைக்காட்டில் போய் ஒளிந்துகொண்டார்கள். அடுத்த வாரம் அவர் நோட்டீஸ் ஒட்டாமலே வந்து எல்லோருக்கும் குத்திவிட்டுத்தான் போனார் என்பது வேறு விஷயம். அன்றைக்கு வெட்கத்தில் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வயிற்றுக்குள்ளே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காலி வகுப்பை எட்டிப் பார்த்தார். "எந்தா டீச்சரே, உங்க நாலாங்கிளாஸ் நல்லாப் படிக்கும் போலிருக்கே!"

புத்தகத்து வீடு

வேலாத்தாள் என்ற பெண் மனப்பாடம் செய்யாத இரண்டு பேரில் ஒருத்தி. ஞாபகசக்தி போதாது என்று பழைய வாத்தியார் அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார். ஒரு நாள் அவளிடம் ஒரு கதைத் தாளைக் கொடுத்தேன். 'மழை வந்ததும் வியாபாரி வீட்டுக்குத் திரும்பினான். அவன் மனைவி விளக்கேற்றி வைத்திருந்தாள்' என்று அதில் இருந்தது. அவள் தாளைப் பார்த்துக்கொண்டே, "மழை வந்ததும் ஏவாரி ஊட்டுக்குத் திரும்பிட்டான், அவன் பொண்டாட்டி வெளக்கேத்தி வெச்சிருந்தா" என்று வாசித்தாள். வாசித்துவிட்டு, "அந்தக் காத்துமழைக்கு வெளக்கு எப்புடீங்க நிக்கும்?" என்று என்னையே வேறு கேட்டாள்.

எனக்கு இன்ஸ்பெக்டர் முகம்தான் கண்முன் வந்தது. வீடு என்று இருபது தடவை சொல்லவைத்தேன். எழுத்தை ஒவ்வொன்றாகக் குத்திக் குத்தி வாசிக்கவைத்தேன். வீ, ட், டு, க், கு என்று ஒரு பிழை இல்லாமல் வாசித்தாள். அப்பாடா என்று, "சரி, விளக்கு ஏற்றியது யார்?" என்றேன். பேந்தப் பேந்த விழித்து, "தெரியலீங்க" என்றாள். சற்று முன்னே விளக்கு அணைந்துபோகுமே என்று கவலைப்பட்ட பெண் அவள்! அன்று பொழுதோடு பள்ளியைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறபோது, 'ஊட்டுச் சாவியை எங்கே வைத்தேன்' என்று நானே எனக்குள் முணுமுணுத்துக்கொண்டு தேடினேன். தேடின கை அப்படியே நின்றுவிட்டது. இருபது தடவை சொல்லவைத்த வாய் இது.

மறுநாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "வீடுன்னா என்ன அம்மிணி? ஊடுன்னா என்ன?" என்று மெதுவாகக் கேட்டேன். திட்டு விழாது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு அவள் சொன்னாள்: "வீடுங்கறது புஸ்தகத்துல இருக்கறவங்களுதுங்க. ஊடு நம்முளுதுங்க."

சத்தமில்லாத பள்ளிக்கூடம்

அதற்குப் பிறகு நான் செய்தது எந்த டிரெயினிங் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் டிரெயினிங் பள்ளிக்குப் போனதுமில்லை. ரவிக்கை அளவெடுக்கும் அட்டையில், ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நீளமாக ஒரு ஜன்னல் வெட்டினேன். அதைத் தாளின்மேல் வைத்து, கீழே கீழே நகர்த்திக்கொண்டு போகவேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. உதடு அசையக் கூடாது. கண்ணால் மட்டும் வாசிக்கவேண்டும். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு, ஊட்டில் பேசுகிற பேச்சிலேயே என்ன நடந்தது என்று சொல்லவேண்டும். அதற்கும் பிறகுதான் சத்தம் போட்டு, தாளில் உள்ளது உள்ளபடி. நடந்தது என்ன என்று தெரிந்தபின் வாசிக்கச் சொன்னால், 'வீடு' பெரும்பாலும் தானாகவே வந்தது.

ஆனால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் நடக்கிறதா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். பிள்ளைகள் கத்துகிற கத்தல் ஆட்டுப்பட்டிவரை கேட்டால் வாத்தியார் கெட்டிக்காரர். பதினொரு பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குப் பயம்தான். ஹெட்மாஸ்டரிடம் போய், இது வேண்டாம், பழையபடியே கத்தச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் எங்களுக்குச் சத்தம் கேட்காதபடி தன் மூன்று வகுப்புகளையும் கூடத்தின் அந்தக் கோடிக்கு நகர்த்திக்கொண்டு போனார். அந்த மனுஷருக்கு நான் பட்டிருக்கும் கடன் கொஞ்சமில்லை. நாலாவது நாள், ஆடு மேய்க்கிற ஒருவர் ஜன்னல்வழியாகத் தலையை நீட்டினார். எல்லோரும் உயிரோடு இருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஏனுங்க, மூணு நாளாச் சத்தத்தையே காணோம், டீச்சரம்மாவுக்குத்தான் ஏதாச்சும் ஆயிப்போச்சோன்னு ஒரு எட்டுப் பாக்க வந்தனுங்க."

உதடு

பிள்ளைகள் கண்ணால் வாசிக்கும்போது நான் சும்மா இருந்தால் கவலைதான் வரும் என்று, நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சின்ன வயசில் நான் ராகம் போட்டு ஒப்பித்த ஒரு ராஜா கதை அதில் இருந்தது. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஜன்னல் அட்டையை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினபோது, கடைசியில் ராஜா செத்துப்போகிறான் என்பது தெரிந்தது. முப்பது வருஷமாக அந்தக் கதை என்னிடம் இருந்திருக்கிறது, அவன் செத்தது எனக்குத் தெரியாது! கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரோ முழங்கையில் தட்டினார்கள். வேலாத்தாள்தான். மற்றவர்களுக்குக் கேட்காமல் காதோரம் வந்து சொன்னாள்: "டீச்சர், உங்க ஒதடு அசையுதுங்க."

ஆற்றில் தண்ணீர் இல்லை

மாசி மாசத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர், சித்தூரில் ஜாகை. நல்ல மனுஷர்தான், ஆனால் பென்சிலைக் காதில் செருகியிருந்த தோரணையைப் பார்த்ததும் நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்தார். முதலில் கண்ணால் வாசிக்கப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் வரவில்லை. அஞ்சாவது வரை படித்தவள் இன்ஸ்பெக்டருக்கு என்ன சொல்வது? எடுத்த எடுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னார். ஆண்பிள்ளைகள் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றினார்கள். குப்புசாமி ஒரு பிழை விடாமல் வாசித்தான். வேலாத்தாள் எழுந்தாள். பயத்தில் அவளுக்கு வந்தது அவளுடைய வாய்தான். ஒரு பக்கத்துக்குள் மூன்று தடவை 'ஊட்டுக்கு' என்றாள். "எங்கே இருக்கு ஊடு? காட்டு பாக்கலாம்" என்றார் அவர். காதிலிருந்து பென்சில் இறங்கியது. மற்றப் பெண்கள் அவளைப் பார்த்து இன்னும் பயந்தார்கள். கடைசியில் அவர் ஹெட்மாஸ்டரிடம், "நாலாவதையே இன்னும் ஒரு வருஷம் நன்னாப் படிக்கட்டும். அஞ்சாவதுக்கு இப்போ என்ன அவசரம்?" என்றார்.

வண்டி பூட்டியாயிற்று என்று கூடவந்த குமாஸ்தா சொன்னார். இன்ஸ்பெக்டர் அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு, "ஆமாம், ஆத்துக்குப் போய்ச்சேர நாழியாயிடும்" என்று எழுந்தார். வேலாத்தாளை யாரும் உட்காரச் சொல்லாததால் அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். "ஏனுங்க, ஆத்துக்கு எதுக்குங்க போறீங்க? ஆத்துல தண்ணி இல்லீங்க. குளிக்கோணும்னா எங்க தோட்டத்துக் கெணத்துக்கு வாங்க, இக்கட்டால, பக்கத்துலதான் இருக்குது" என்றாள். ஹெட்மாஸ்டர் அவசர அவசரமாக, "அய்யா அவிய ஊட்டைச் சொல்றாருங்க அம்மிணி, அவியல்லாம் ஊட்டை ஆம்னு சொல்லுவாங்க" என்றார். அவள் நன்றாக யோசித்துவிட்டு, "புஸ்தகத்துல அப்புடி இல்லீங்களே!" என்றாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பவும் உட்கார்ந்தார். புத்தகத்தை மூடிவைத்து, "நீ வாசிச்சியே, அதுல என்ன நடந்துது? சொல்லு" என்றார். பெட்டி தொலைந்ததிலிருந்து அது அண்ணன் ஊட்டுப் பரணில் கிடைத்ததுவரை, இடையில் பொய் சொன்னது யார், அவன் ஏன் சொன்னான் என்பது உட்பட, அவள் ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு மற்றப் பெண்களையும் பையன்களையும் கூப்பிட்டு அதேபோல் கேட்டார். எல்லோரும் அவரவர் வாயால் சொன்னார்கள். குப்புசாமி மட்டும் ராகத்தோடு சொன்னான். இன்ஸ்பெக்டர் எழுதின காகிதத்தைக் கிழித்துப்போட்டு வேறொன்று எழுதினார். குமாஸ்தா தயங்கி, பிழைகளைக் கணக்கில் எடுக்கவேண்டாமா என்று கேட்டார். "புஸ்தகத்துல வீடுன்னு இருக்கு. இவ ஊடுங்கறா, நான் ஆம்ங்கறேன். இவளைத் தோக்கடிச்சா என்னையும்னா தோக்கடிக்கணும், ஓய்!"

மிச்சக் கதை

வைகாசியில் அனுமதி வந்தது. அஞ்சாவது திறந்தாயிற்று, பிள்ளைகள் வரவேண்டுமே! முதல் நாள் ஏழு பையன்களும் வந்தார்கள். மூன்று பெண்களின் ஊட்டுக்கு நடையாய் நடந்து பேசி அழைத்துவந்தேன். வேலாத்தாள் வரவில்லை. அவளுடைய அப்பா, பொட்டப்புள்ளைக்கு நாலாவதே எச்சு என்று என்னிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இரண்டாம் நாளும் வரவில்லை. யார் வாசித்ததால் வகுப்பு திறந்ததோ அவள் கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்க நினைக்க எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. இரண்டு நாளும் வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே வந்தபோது பேனாவை வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அவள் அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பொழுது சாய்ந்து கடலை உரிக்கிறபோதெல்லாம் இந்தப் பெண், இன்ஸ்பெக்டர் வந்துபோனபின் நான் பெட்டியிலிருந்து திருப்பிக் கொடுத்த நாலாம் புத்தகத்தைத் தனக்குள் வாசித்து, அம்மாவுக்குத் தங்கள் பேச்சில் கதையாகச் சொல்லி வந்திருக்கிறாள். எனக்கு இது தெரியாது. கடைசிப் பாடத்தில் ஒரு வியாபாரி கப்பலேறிப் போகிறான், நடுக்கடலில் புயல் வருகிறது, 'மீதிக் கதையை ஐந்தாம் புத்தகத்தில் காண்க' என்று முடிகிறது. புத்தகம் போட்ட புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். அவள் அப்பா சொன்னதற்கு அம்மா என்ன சமாதானம் சொன்னாளோ, நான் கேட்கவில்லை. அந்த அம்மாள் பெண்ணை வகுப்புக்குள் தள்ளிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அந்தக் கப்பக்காரன் கரை சேந்தானா இல்லையான்னு தெரியாம ரெண்டு மாசமா எனக்கு ஒரே வெசனமுங்க, இவ அஞ்சாவது படிச்சுப்போட்டு வந்து சொல்லட்டுங்க."

பதினொரு பேரும் அவர்கள் பாட்டுக்கு வாசிக்கிறார்கள், அதற்கு அவர்களுக்கும் ஹெட்மாஸ்டருக்கும் அந்த இன்ஸ்பெக்டருக்கும் நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும், ஆனால் இனி எதைப் பற்றிக் கவலைப்படுவது என்பதுதான் இப்போது எனக்கு இருக்கும் பெரிய கவலை.